குனிந்தால் தெரியும் கைவேலை

முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தியவள் நான். போன கோடையில், பேத்தியின் கண்முன்னே, ஒரு மஞ்சள் பூவிடம் தோற்றுப்போனேன்.

மகள் குடும்பம் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரத்தில் இருக்கிறது. ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை அவர்களோடு இருந்தேன். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பெரிய ஆர்பொரீட்டம், அதாவது மரஞ்செடிகளுக்கான தோட்டம், உண்டு. அதற்குள் கர்ட்டிஸ் பிரெய்ரி என்று எழுபது ஏக்கருக்கு மேற்பட்ட புல்வெளி. ஜூலைக் கடைசியில் ஒருநாள் காலை அங்கே போயிருந்தோம். புல்லுக்கு மேலே, என் தலைக்கும் மேலே, சொரசொரப்பான தண்டில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பூக்கள்.

"இது என்ன பூ ஆச்சி?"

"சூரியகாந்திடா. நம்ம ஊர்ல காடு காடாப் போட்டிருப்பாங்கல்ல, அதோட காட்டுச் சாதி."

கொஞ்சமும் தயங்காமல் சொன்னேன். பக்கத்தில் தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாக நின்றிருந்த ஒரு மூதாட்டி திரும்பிப் பார்த்தார். அங்கே பார்வையாளர்களுக்கு வழிகாட்டுகிற தொண்டர் அவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். சிரித்துக்கொண்டே, முதல் தடவை வருகிற எல்லோரும் இதைச் சூரியகாந்தி என்றுதான் சொல்வார்கள் என்றார். பிறகு கழுத்தில் தொங்கிய கை லென்ஸைக் கழற்றி என்னிடம் நீட்டினார். என் உத்தியோகத்தைப் பற்றி அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை.

அன்று ஆரம்பித்த படிப்பு செப்டம்பர் வரை நடந்தது.

வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அந்த அம்மாள் தேற்றினார். பிரெய்ரியில் மஞ்சள் பூக்கள் அத்தனை இருக்கின்றன, அத்தனையும் ஒரே அச்சில் வார்த்தவைபோல இருக்கின்றன. இனம் பிரிக்க முடியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ளும் தாவரவியலாளர்கள் இவற்றுக்கு 'பாழாய்ப்போன மஞ்சள் பூக்கள்' என்கிற பொருளில் ஒரு செல்ல வசவே வைத்திருக்கிறார்களாம். படித்தவர்களே திட்டுகிறார்கள் என்றதும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

பிரெய்ரி என்றால் என்ன என்று இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் மரமே இல்லாமல் அடிவானம்வரை விரிந்து கிடந்த புல்லும் பூவும்தான் பிரெய்ரி. அதிலும் கிழக்கே மழை கூடுதலாகப் பெய்கிற பகுதியில் புல் ஆள் உயரம் வளரும். அந்த உயர்புல் பிரெய்ரி மட்டும் ஒரு காலத்தில் 17 கோடி ஏக்கர். இன்றைக்கு நூற்றில் நான்கு பங்குகூட மிச்சமில்லை. பின்னிக் கிடந்த வேர்களுக்குள் பழைய கலப்பை இறங்காது, இறங்கினாலும் பிசுபிசுப்பான கரிசல் அதில் அப்பிக்கொள்ளும். 1837-ல் இல்லினாய் மாநிலத்தில் ஜான் டீர் என்ற கொல்லர் மண் ஒட்டாத எஃகுக் கலப்பையைச் செய்தார். அதன்பிறகு இரண்டு மூன்று தலைமுறைக்குள் எல்லாம் மக்காச்சோளக் காடாகிவிட்டது. கலப்பை போகாத கல்லறைத் தோட்டத்து மூலைகளிலும் ரயில் பாதை ஓரங்களிலும்தான் பழைய பூக்கள் ஒண்டிக்கொண்டு பிழைத்தன. கர்ட்டிஸ் பிரெய்ரிகூடப் பழைய காடு இல்லை. குதிரை மேய்ந்த ஒரு பழைய பண்ணை நிலத்தில் 1930-களின் நடுவில் மனிதர்கள் திரும்ப நட்டு வளர்த்தது. அழித்த பிரெய்ரியை மீண்டும் உண்டாக்கும் முயற்சிகளில் உலகத்திலேயே மூத்தது இதுதான் என்கிறார்கள்.

பூவுக்கு வருகிறேன்.

சாமந்திப் பூவைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நாம் 'ஒரு பூ' என்று தலையில் வைத்துக்கொள்வது உண்மையில் ஓர் ஊர். ஒவ்வொரு இதழும் ஒரு தனிப் பூ. நடுவில் பொட்டுப்போல இருக்கிற மஞ்சளுக்குள்ளும் நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டிக் குழாய்ப் பூக்கள். வகுப்பில் இதைச் சிரமஞ்சரி என்று எழுதிப்போடுவேன். ஓரத்தில் இருப்பவை கதிர் சிறுமலர்கள், நடுவில் இருப்பவை வட்டத்தட்டு சிறுமலர்கள். இரண்டு மதிப்பெண் கேள்வி. பிள்ளைகளும் மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள். அந்த இரண்டு மதிப்பெண்ணுக்குள் இவ்வளவு பெரிய ரகசியம் இருப்பது எனக்கும் தெரியாது.

ஆர்பொரீட்டத்தில் எதையும் பறிக்கக் கூடாது. அதனால் அந்த அம்மாள் எங்களைத் தம் வீட்டுக்கே அழைத்துப் போனார். கொல்லைப்புறம் முழுக்கப் பிரெய்ரிச் செடிகள் வளர்த்திருந்தார். அண்டை வீட்டாருக்கு அது களைக்காடாகத் தெரியுமாம். இரண்டு மஞ்சள் பூக்களைக் கிள்ளி ஒரு வெள்ளைத் தட்டில் வைத்தார். ஒன்று, ரம்பம்போல் பல் வைத்த இலையுடைய அசல் காட்டுச் சூரியகாந்தி. மற்றது நான் தோற்ற சாதி, சில்ஃபியம். தட்டில் கிடந்தவற்றைப் பார்த்தால் அக்கா தங்கை என்றுகூடச் சொல்ல மாட்டீர்கள், இரட்டைப் பிறவி என்பீர்கள்.

முதலில் சூரியகாந்தி. ஓரத்து இதழ் ஒன்றை இழுத்தெடுத்து லென்ஸின் கீழே பிடித்தேன். அடியில் ஒன்றுமில்லை. சூலகமுடி இல்லை, விதை வைக்கிற சூலகமும் பெயருக்குத்தான். வண்டை வா வா என்று கூப்பிடப் பிடித்த மஞ்சள் கொடி அது, அவ்வளவுதான். விதை எல்லாம் நடுத்தட்டில். நாம் எண்ணெய் ஆட்டுகிற சூரியகாந்தியும் அப்படித்தானே, நடுவில்தான் விதை அடைந்திருக்கும்.

அடுத்தது சில்ஃபியம். ஓரத்து இதழை இழுத்தேன். அடியில் தட்டையாக, பச்சையாக, கனத்த ஒரு சூலகம். அதன் உச்சியில் பாம்பு நாக்குப்போல இரண்டாகப் பிளந்த சூலகமுடி. நடுத்தட்டிலிருந்து ஒரு குழாய்ப் பூவை ஊசியால் நெம்பி எடுத்தேன். அதில் மகரந்தம் இருக்கிறது, பிளவில்லாத ஒற்றைக் குச்சி இருக்கிறது, விதைக்கு வழியில்லை. அது முழுக்க ஆண்.

நன்றாகக் கவனியுங்கள். ஒன்று ஓரத்தை அலங்காரத்துக்கும் நடுவைப் பிள்ளைப்பேற்றுக்கும் வைத்திருக்கிறது. மற்றது நடுவை ஆணாக்கிவிட்டு ஓரத்து இதழ்களையே தாயாக்கியிருக்கிறது. வெளியே ஒரே வீடு, ஒரே வர்ணம், ஒரே வாசல். உள்ளே அடுப்படி இருக்க வேண்டிய இடத்தில் திண்ணை, திண்ணை இருக்க வேண்டிய இடத்தில் அடுப்படி. தட்டைக் கீழே வைக்க எனக்கு மனசே வரவில்லை. பேத்தி மட்டும், "ஆச்சி, அப்ப நீ சொன்னது தப்பு" என்று ஞாபகமாகச் சொன்னாள்.

அதே கொல்லையில் ஹெலியாப்சிஸ் என்று மூன்றாவது ஒன்றும் நின்றது. அதற்குப் 'பொய்ச் சூரியகாந்தி' என்றே பெயர். அதில் ஓரமும் விதை வைக்கும், நடுவும் விதை வைக்கும். இதழ்கள் உதிராமல் பூவிலேயே காய்ந்து சருகாக ஒட்டிக்கொண்டிருக்கும். சூரியகாந்தி இதழை உதிர்த்துவிடும். லென்ஸ் இல்லாதவர்களுக்கு இது ஒன்றே போதும்.

சில்ஃபியத்தில் நான்கு சகோதரிகள் அந்தப் பக்கத்துப் பிரெய்ரியில் உண்டு. பூவை வைத்து இவர்களைப் பிரிக்கப் பார்த்தால் பொழுது போய்விடும். இலையைப் பார்க்க வேண்டும்.

முதலாவது திசைகாட்டிச் செடி. என் மானத்தை வாங்கியது இதுதான். இலை ஒரு முழத்துக்கும் மேலே, தென்னங்கீற்றைப்போல ஆழமாகக் கிழிந்திருக்கும். அந்த இலை படுத்திருக்காது, விளிம்பு மேலே பார்க்க நிமிர்ந்து நிற்கும். விளிம்புகள் வடக்கும் தெற்கும், இலைப்பரப்பு கிழக்கும் மேற்கும். காலை வெயிலையும் மாலை வெயிலையும் முகத்தில் வாங்கிக்கொள்ளும். உச்சி வெயிலுக்கு விளிம்பை மட்டும் காட்டிவிட்டுத் தப்பித்துவிடும். முளைத்து வருகிற இலை முதலில் எந்தப் பக்கம் பார்த்தாலும் சில வாரத்தில் தானே முறுக்கிக்கொண்டு இந்த வரிசைக்கு வந்துவிடுகிறது. மேகமூட்டமான ஒரு நாளில் போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துச் சோதித்தேன். ஒவ்வொரு இலையும் அப்படியே நேராக நிற்கவில்லை, நான்கைந்து இலை முன்னே பின்னே இருந்தது. மொத்தச் செடியையும் பார்த்தால் வடக்கு எது என்பதில் சந்தேகம் வராது. இதன் வேர் பதினைந்து அடிவரை இறங்கும். தண்டில் கசியும் பிசினை அந்நாட்டுப் பூர்வகுடிப் பிள்ளைகளும் பிறகு குடியேறியவர்களின் பிள்ளைகளும் சூயிங்கம் மாதிரி மென்றிருக்கிறார்கள்.

இரண்டாவது பிரெய்ரி டாக். இதற்குத் தண்டில் இலை கிடையாது. இலை எல்லாம் அடியில், மண்வெட்டி அகலத்துக்கு, யானைக் காது மாதிரி நிற்கும். பூத்தண்டு மட்டும் மொட்டையாக எட்டடி, பத்தடி போகும். கடும் வெயில் அடித்த ஒரு மத்தியானம் அந்த அம்மாள் என் கையைப் பிடித்து ஓர் இலையின்மேல் வைத்தார். மணல் தாள்போலச் சொரசொரப்பு. அதோடு ஜில்லென்று இருந்தது. மண்பானையைத் தொட்டதுபோல! ஆழத்தில் இருக்கிற தண்ணீரை வேர் இழுத்து இலை வழியாக ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கிறது. பானை குளிர்வதும் இதே கணக்குத்தான். நான் கையை எடுக்காமல் வெகுநேரம் நின்றேன். பேத்தி இரண்டு கன்னத்தையும் இலையில் வைத்துப் பார்த்தாள்.

மூன்றாவது கிண்ணச் செடி. தண்டு சதுரம். எதிரெதிராக வரும் இரண்டு இலைகளும் அடியில் ஒன்றாகச் சேர்ந்து, தண்டைச் சுற்றி ஒரு கிண்ணம் ஆகிவிடும். மழை பெய்தால் தண்ணீர் தங்கும். கோல்ட்ஃபின்ச் என்கிற மஞ்சள் சிட்டு அதில் வந்து குடிக்கும். நான்காவது ரோசின்வீட். இலைகள் எதிரெதிரே காம்பில்லாமல் ஒட்டியிருக்கும், ஆனால் கிண்ணம் கட்டாது. இதைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறு பெரிதாக ஒன்றும் இல்லை, பாவம்.

இத்தோடு கணக்கு முடிந்தது என்று நோட்டை மூடப்போனேன். அப்போது அந்த அம்மாள், முதலாவதும் இரண்டாவதும் கலந்து பிறந்த பிள்ளைகளும் உண்டு என்று ஒரு குண்டைப் போட்டார். அதன் இலை யானைக் காதும் இல்லை, தென்னங்கீற்றும் இல்லை, பாதி கிழிந்து நிற்கும். நாம் போடுகிற வேலியைப் படைத்தவன் மதிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மஞ்சளை விட்டு ஊதா நிறத்துக்கு வருவோம். எக்கினேசியா என்றால் நம் ஊர் ஹோமியோபதி மருந்துக் கடைக்காரர்களுக்குத் தெரியும், பழுப்புப் பாட்டிலில் வைத்திருப்பார்கள். அந்தச் செடியின் சொந்த வீடு இந்தப் பிரெய்ரிதான். நடுவில் முள்ளம்பன்றி முதுகுபோல் ஒரு கூம்பு, சுற்றிலும் ஊதாவும் ரோஸும் கலந்த இதழ்கள். வெளிர்ஊதா எக்கினேசியா ஜூனில் பூக்கும், இதழ் நூல்போல மெலிந்து தொங்கும், இலை ஈட்டிபோல நீளம். அடர்ஊதா எக்கினேசியா ஜூலையில் வரும், இதழ் கொஞ்சம் அகலம், இலையும் அகலம், பல் வைத்திருக்கும். புத்தகத்தில் எழுதினால் இவ்வளவு தெளிவு. காற்றில் ஆடுகிற, பாதி வாடின ஒரு பூவின் முன்னால் நின்றால் எது அகலம், எது மெலிவு என்று நீங்களே உங்களோடு வழக்காட வேண்டியிருக்கும்.

அந்த வழக்கைத் தீர்க்க ஒரு சாட்சி இருக்கிறது. சுண்டுவிரல் நுனியால் அந்தக் கூம்பை மெல்லத் தடவுங்கள். விரலில் ஒட்டிய பொடி வெள்ளையாக இருந்தால் வெளிர்ஊதா இனம். மஞ்சளாக இருந்தால் அடர்ஊதா. இதழில் எவ்வளவு சாயல் ஒத்திருந்தாலும் மகரந்தத்தின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். விபூதியும் மஞ்சளும் மாதிரி. என் விரலில் விபூதி ஒட்டியது.

இந்த வேரை மருந்துக்குத் தோண்டி விற்ற காலத்தில், எக்கினேசியா என்று சொல்லி வேறொரு செடியின் வேரைக் கலந்து விற்றிருக்கிறார்கள். அந்தச் செடியின் பேரினம் எது தெரியுமா? பார்த்தீனியம்! நம் வயல் வரப்பிலும் ரயில்வே ஓரத்திலும் வெள்ளையாகப் பூத்து, தொட்டால் அரிப்பெடுக்கும் அதே பார்த்தீனியத்தின் உடன்பிறந்தது. பிரெய்ரியில் அதைக் காட்டுக் குயினைன் என்கிறார்கள். காலிஃபிளவர் துணுக்குகளைத் தட்டில் அடுக்கியதுபோல் வெள்ளைப் பூ. அங்கே அதை விதை வாங்கி, காசு கொடுத்து வளர்க்கிறார்கள். முதலில் அதைப் பார்த்ததும் என் கை தானாகப் பிடுங்கத்தான் போனது. தமிழ்நாட்டில் பழகின கை.

லயாட்ரிஸ் என்று ஒரு செடி, கத்தரிப்பூ நிறத்தில் நிமிர்ந்த கதிர். கதிராகப் பூக்கும் செடிகள் பெரும்பாலும் கீழிருந்து மேலே பூத்துக்கொண்டு போகும். இது உச்சியில் ஆரம்பித்துக் கீழே இறங்கும். கொளுத்தி வைத்த மத்தாப்புக் கம்பிபோல. இதிலும் ஐந்தாறு இனங்கள். பூவின் அடியில் இருக்கும் செதில்களைத்தான் பார்க்க வேண்டும். பிரெய்ரி லயாட்ரிஸில் செதில் முனை கூராக வெளியே வளைந்திருக்கும். அடர்கதிர் லயாட்ரிஸில் மழுங்கி, உடம்போடு ஒட்டியிருக்கும். கரடு லயாட்ரிஸில் உருண்டு சுருங்கி, ஓரத்தில் ரோஸ் நிறக் கண்ணாடித் தாள் ஒட்டியதுபோல் இருக்கும். இந்தச் செதிலை யார் பார்க்கப்போகிறார்கள்? வண்டுகூட மேலே உட்கார்ந்து தேனைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறது. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கரை வைத்துத் தைத்திருக்கிறது. பரிணாமம் என்று பலகையில் எழுதிப் பாடம் நடத்தியவள்தான் நான், அதில் எனக்கு ஐயம் எதுவும் கிடையாது. அந்தக் கரையைக் கண்டபோது ஏனோ கை தன்னால் கூப்பிக்கொண்டது. இரண்டும் என் ஒருத்திக்குள்ளேதான் இருக்கின்றன, சண்டை போட்டுக்கொள்வதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'ஒரே மாதிரி' என்று நாம் சொல்வது நம் கண்ணின் தீர்ப்பு. கருவிழி சூசன் என்று ஒரு சிறிய பூ, மஞ்சள் இதழ், கரும்பழுப்பு நடு. நமக்கு அதன் இதழ் அடி முதல் நுனிவரை ஒரே மஞ்சள். தேனீக்கு அப்படி இல்லை. நாம் காணாத புற ஊதா ஒளியைத் தேனீ காணும். இதழின் நுனி அந்த ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அடிப்பாகம் விழுங்கிவிடுகிறது. ஆகவே தேனீயின் கண்ணுக்கு நடுவைச் சுற்றி ஓர் இருண்ட வளையம், அம்பு எய்கிற பலகைபோல. அந்த ஒளியை விழுங்கும் நிறமிகள் எவை என்று கார்னெல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1972-ல் கண்டு சொன்னார்கள். நாம் ஒரே மஞ்சளாகப் பார்த்துத் திட்டுகிற வயல் தேனீக்கு வேறொரு கோலம்.

ஆகஸ்டில் ஒருநாள் கையாலேயே ஒரு பாடம் படித்தேன். அங்கே மில்க்வீட் என்று ஒரு குடும்பம். கிள்ளினால் பால் வடியும், பூ நட்சத்திரக் கிரீடம் வைத்திருக்கும், பஞ்சு கட்டிய விதை பறக்கும். படித்ததும் உங்களுக்கு எது ஞாபகம் வருகிறது? எருக்குத்தான். அது எருக்கின் பங்காளியேதான். எருக்கிலையைத் தின்று வளர்கிற நம் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியும், மில்க்வீட் தின்று வளர்ந்து மெக்ஸிகோவரை பறக்கிற மொனார்க்கும் ஒரே பேரினத்துப் பிள்ளைகள். அங்கே சாதாரண மில்க்வீட் என்று ஒன்று, சல்லிவன்ட் மில்க்வீட் என்று ஒன்று. இரண்டிலும் தடித்த இலை, இரண்டிலும் ரோஸ் நிறப் பூ உருண்டை. முதலாவது சாலையோரமெல்லாம் கிடக்கும். இரண்டாவது நல்ல பிரெய்ரி மிஞ்சிய இடத்தில்தான் இருக்கும், அபூர்வம். எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணை மூடிக்கொண்டு இலையின் அடியைத் தடவ வேண்டும். பூனைக்குட்டிக் காதுபோல மெத்தென்று இருந்தால் சாதாரணம். வழுவழுவென்று இருந்தால் சல்லிவன்ட். காயும் அப்படியே, முன்னதற்கு மேலெல்லாம் பரு, பின்னதற்கு வழுக்கை. பேத்தி கண்ணை மூடிக்கொண்டு ஐந்து இலைக்கு ஐந்தும் சரியாகச் சொன்னாள். நான் நான்கு.

எருக்கம்பூவில் இன்னொரு விசேஷம். மகரந்தத்தை அது பொடியாகத் தூவாது. மெழுகுப் பொட்டலமாகக் கட்டி, வருகிற பூச்சியின் காலில் கொக்கி போட்டு மாட்டி அனுப்பும். இப்படிப் பொட்டலம் கட்டுகிற வழக்கம் பூக்களில் முக்கியமாக இரண்டு கூட்டத்துக்குத்தான் உண்டு. ஒன்று எருக்கு வகை. இன்னொன்று ஆர்க்கிட். நான் கண்ணால் காணாமல், கேட்டும் படித்தும் தெரிந்துகொண்ட அதிசயம் அந்த ஆர்க்கிடில் இருக்கிறது.

பிரெய்ரியின் ஈரப் பள்ளங்களில் வெள்ளை ஆர்க்கிட் ஒன்று ஜூன் கடைசி, ஜூலைத் தொடக்கத்தில் பூக்கும். ஒரு தண்டில் பத்து, இருபது பூக்கள். கீழிதழ் மூன்றாகப் பிரிந்து, ஓரமெல்லாம் கத்தரியால் நறுக்கிய தாவணித் தொங்கல்போல் இருக்கும். பகலில் பெரிதாக வாசம் இருக்காது. இருட்டியதும் மணக்கும். பூவின் பின்னால் வால்போல் ஒரு மெல்லிய குழல் தொங்கும். தேன் அதன் அடியில் இருக்கும். அவ்வளவு ஆழத்துக்கு நாக்கு எட்டுவது ஸ்ஃபிங்க்ஸ் அந்துப்பூச்சிக்குத்தான். அந்தியில் வந்து, பூவில் உட்காராமல், தேன்சிட்டு மாதிரி காற்றிலேயே நின்றுகொண்டு நாக்கை நீட்டும்.

இந்தப் பூவை வெகுகாலம் ஒரே இனம் என்றுதான் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1986-ல் ஷெவியாக், போல்ஸ் என்ற இரண்டு தாவரவியலாளர்கள், இது ஒன்றல்ல, இரண்டு என்று பிரித்தார்கள். மிஸிஸிப்பி ஆற்றுக்குப் பெரும்பாலும் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. மேற்கத்தியதற்குப் பூ கொஞ்சம் பெரிது, இதழ் விசிறிபோல் அகலம், குழல் ஒன்றரை, இரண்டு அங்குலம்வரை நீளும். இதெல்லாம் அளவு வித்தியாசம். அசல் வித்தியாசம் பூவின் வாசலில் இருக்கிறது.

ஆர்க்கிட் பூவின் வாசலில் இரண்டு பக்கமும் மகரந்தப் பொட்டலம் இருக்கும். ஒவ்வொரு பொட்டலத்தின் அடியிலும் கோந்து தடவிய ஒரு சிறிய தட்டு. கிழக்கத்தியப் பூவில் அந்தத் தட்டுகள் இரண்டும் நெருக்கமாக இருக்கின்றன. பூச்சி நாக்கை நுழைக்கும்போது பொட்டலம் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். மேற்கத்தியப் பூவில் தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, பக்கத்துக்கு ஒன்றாக நிற்கின்றன. எவ்வளவு விலகல்? ஸ்ஃபிங்க்ஸ் அந்துப்பூச்சியின் இரண்டு கண்களுக்கு எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு. பூச்சி தேனுக்காகத் தலையை உள்ளே அழுத்தும்போது பொட்டலம் அதன் கண்களிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த பூவுக்குப் போகும்போது கண்ணில் ஒட்டியது அங்கே கண் படுகிற இடத்தில் உள்ள சூலகமுடியில் படும்.

ஒரே வெள்ளை, ஒரே தொங்கல், இருட்டினால் வரும் அதே வாசம், அதே விருந்தாளி. ஒருத்தி நாக்கில் கொடுத்தனுப்புகிறாள், ஒருத்தி கண்ணில் கொடுத்தனுப்புகிறாள். நாக்கில் வந்தது கண்ணுக்குரிய இடத்தில் படாது, கண்ணில் வந்தது நாக்குக்குரிய இடத்தில் படாது. இரண்டு குடும்பம் கலக்காமல் இருக்க இதைவிட என்ன மதில் வேண்டும்? சில மில்லிமீட்டர் விலகலில் ஒரு மதில்! பூச்சியின் முகத்தை அளவெடுத்த தையற்காரர் யார் என்று நான் கேட்டேன். அந்த அம்மாள் பதில் சொல்லவில்லை. வானத்தைப் பார்த்துவிட்டு லென்ஸைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த ஆர்க்கிடைக் காட்டச் சொல்லி எவ்வளவோ கேட்டேன். காட்டவில்லை. தோண்டித் திருடிக்கொண்டு போகிறவர்கள் இருப்பதால் இடத்தை வெளியே சொல்வதில்லையாம். முன்பின் தெரியாத வெளிநாட்டுக் கிழவியிடம் சொல்லாததில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. 1989 முதல் இரண்டு இனங்களும் அச்சுறுத்தலுக்கு உள்ளானவை என்று அமெரிக்க அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன.

ஈரப் பள்ளங்கள் வடிக்கப்பட்டுவிட்டன, துண்டு துண்டாக மிஞ்சிய பிரெய்ரிகள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் கிடக்கின்றன, அந்துப்பூச்சி எல்லா இடத்துக்கும் வருவதில்லை. அதனால் இல்லினாயில் கிழக்கத்திய ஆர்க்கிட் மிஞ்சிய இடங்களில், பூக்கும் நாட்களில், தொண்டர்கள் கையில் பல் குத்தும் குச்சியோடு போகிறார்கள். ஒரு பூவின் முன்னால் மண்டியிட்டு, குச்சியின் முனையை மெல்ல உள்ளே விட்டு எடுக்கிறார்கள். பொட்டலம் குச்சியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதைக் கொண்டுபோய் இன்னொரு செடியின் பூவில் வைக்கிறார்கள். கோடை கழிந்து காய் முற்றியதும் திரும்ப வந்து, காய்க்கு ஆயிரக்கணக்கில் இருக்கும் தூசிபோன்ற விதையில் ஒரு பங்கை எடுத்துப் போய் வேறொரு பிரெய்ரியில் தூவுகிறார்கள். அந்தத் தூசியிலிருந்து முளைத்த செடி பூக்கச் சில வருஷங்கள் ஆகும்.